ஒத்தவை, இரண்டு

வக்கீல் அனுப்பிய பட்டியலில் பதினேழாம் வரி:
பம்ப் துப்பாக்கி, பன்னிரண்டு போர், இரண்டு. ஒத்தவை.
ஆளுக்கொன்று.
பதினெட்டில் ஏரிமேல் போடும் மீன்பிடிக் குடிசை.
பத்தொன்பதில் நாய்.

திருமதி ஷ்வாப் துப்பாக்கி தொட்டதில்லை,
அவர்மேல் குற்றமில்லை.
சுவரில் சாத்திவைத்தால் எனக்கே இரட்டைப் பிள்ளைகள்தான்:
அதே இருபத்தெட்டு அங்குலக் குழல்,
அதே வால்நட் கட்டை,
முன்கட்டையை இழுத்துத் தள்ளினால்
அதே இரண்டு சொல்.
வடக்கு டகோட்டாவில் கதவுக்கு வெளியே நிற்கும் எவனுக்கும்
மொழிபெயர்க்கத் தேவையில்லாத இரண்டு சொல்.

ஆனால் ஒத்தவையா?

ஆரினுடையது ரெமிங்டன். உடல் எஃகு.
ஜனவரியில் வெறுங்கையால் தொட்டால்
கொஞ்சம் தோல் கேட்கும்.
என்னுடையது மாஸ்பெர்க். உடல் அலுமினியம்.
எடை குறைவு, உதை கூடுதல்.
எது நல்லதென்று நடுப்பகலில் கேட்டால்
தோள் ஒன்று சொல்லும், கால் வேறொன்று சொல்லும்.

அவனுடையதில் அடியில் தோட்டா திணிக்கப் போனால்
ஒரு தகடு வாசலை அடைத்து நிற்கும்.
தள்ளிக்கொண்டுதான் உள்ளே போகவேண்டும்,
அவசரப்பட்டால் கட்டைவிரலைக் கடிக்கும்.
என்னுடையதில் அந்தத் தகடு
தானே மேலேறி வழிவிட்டிருக்கும்.
"கடிபட்டால்தான் கவனம் வரும்" என்பான்
விரலைச் சப்பிக்கொண்டே.

என்னுடையது கடகடக்கும். அதையும் சொல்லவேண்டும்.
புல்லுக்குள் நடந்தால்
டப்பாவில் ஆணி போட்டுக் குலுக்குவதுபோல.
அவனுடையது வெண்ணெயில் கத்தி.
பதினோரு வருடம்
ஒரு இரும்புமேல் பொறாமைப்பட்டிருக்கிறேன்.

மற்றபடி எல்லாம் ஒரு பொத்தானில் இருக்கிறது.
அவனுக்கு அது விசைக்குப் பின்னால், குறுக்கே,
வலக்கைச் சுட்டுவிரலுக்கென்றே வைத்தது.
எனக்கு மேலே, முதுகில்.
வருகிற கட்டைவிரல் எந்தக் கையுடையது என்று
அது விசாரிப்பதில்லை.
நான் இடக்கைக்காரி.
கடையில் அன்றைக்கு நான் விலைகூடப் பார்க்கவில்லை.

நாலு அக்டோபருக்கு முன் ஒரு விடியலில்
இருட்டில் உறை மாறிவிட்டது.
நாணலுக்குள் படுத்திருந்தோம், ஆளுக்கொரு பக்கம் ஈரம்.
பனிவாத்துக்கள் வந்தன,
இறக்கையின் கீச்சொலி கேட்குமளவு தாழ்ந்து.
ஆரின் எழுந்தான், குறிவைத்தான்,
விசைக்குப் பின்னால் தேடினான்.
தேடினான்.
அங்கே பொத்தான் இல்லை.
நானோ இந்தப் பக்கம்
வழுவழுவென்றிருந்த எஃகின் முதுகைத்
தடவிக்கொண்டிருந்தேன்.
முந்நூறு பறவை, ஒரு இறகு உதிராமல்
தெற்கே பார்த்துப் போயின.
நாய் எங்களை மாறிமாறிப் பார்த்தது,
சம்பளம் வராத வேலைக்காரன்போல.
வயிறு வலிக்கச் சிரித்தோம்.
சேர்ந்து சிரித்ததில் அதுதான் கடைசியா?
இல்லை. மார்ச்சில் ஒருமுறை,
கார் ஹீட்டர் விஷயமாக.

கையெழுத்துக்கு முன்னால்
'ஒத்தவை'யை மட்டும் அடித்தேன்.
திருமதி ஷ்வாப் கண்ணாடிக்கு மேலே பார்த்தார்:
"பதிலுக்கு என்ன போடட்டும், மாரிட்?"
எதிர் நாற்காலியில் ஆரின்
பெருவிரல் நகத்தைப் பார்த்தபடி
"பன்னிரண்டு போர் என்பது சரிதான்" என்றான்.
அதோடு விட்டுவிட்டார்கள்.

வெளியே சாவி தேடினேன்.
வேட்டைக்கோட்டுப் பையில் மூன்று தோட்டா,
ஒரு கோதுமைத் தாள், நாய் பிஸ்கட் தூள்.
என் பெட்டியிலிருந்து எடுத்தவையா, அவன் பெட்டியிலிருந்தா,
தெரியவில்லை.
இதிலும் போகும், அதிலும் போகும்.
பட்டியலில் இவற்றுக்கு வரி இல்லை.

அவன் வண்டி இன்னும் கிளம்பவில்லை.
கண்ணாடியில் உறைந்த பனியைச் சுரண்டிக்கொண்டிருந்தான்,
என் பக்கக் கண்ணாடியையும்,
பழக்கத்தில்.